படத்தில் இருப்பவள் இன்னும் போகவில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ அலறிய அலறலில் என் கையிலிருந்த போன் கீழே விழாமல் இருந்ததே பெரிய விஷயம். "அம்மா, பின்னால அது என்ன? யாரு வெச்சாங்க அத?" என்று கேட்டாய். நான் திரும்பிப் பார்த்தேன். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் என் முகம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் பொட்டு, மேலே மல்லிகைச் சரம், முன்னால் ஊதுபத்திப் புகை. நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு உயிரோடு பேசிக்கொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் நான் செத்துப்போய்ப் படமாகியிருந்தேன். நீ பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அதற்கப்புறம் சொன்னாயே, "மொதல்ல அந்தப் படத்தத் தூக்கிப் போடு. தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆயிருச்சு. கல்யாணம் முடிஞ்ச கையோட வீட்ட வித்துட்டு என்கூட புனேக்கு வந்துரு" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். இதை நீ கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் அந்தப் பூவும் ஊதுபத்தியும். அது என் வேலை இல்லையப்பா. அன்றைக்குத்தான் வீட்டு வேலைக்குப் புதிதாக மஞ்சுளா என்று ஒரு பெண் வந்தாள், நம் கொள்ளேகால் பக்கத்துப் பெண். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஹாலைப் பெருக்கித் துடைத்திருக்கிறாள். படத்தைப் பார்த்திருக்கிறாள். நெற்றியில் பொட்டு வைத்த படம், யாருமில்லாத வீடு. நம் வீடுகளில் உயிரோடு இருப்பவர்கள் படத்துக்கு யார் பொட்டு வைக்கிறார்கள்? பாவம், இறந்துபோனவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, கொல்லையிலிருந்த மல்லிகையைப் பறித்துக் கட்டி, சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்தி எடுத்து ஏற்றிவிட்டாள். உன்னோடு பேசி முடித்ததும் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "உங்க அக்காங்களாம்மா? போயி ரொம்ப நாளாச்சுங்களா?" என்று கேட்டாள். "அவ இன்னும் போகலம்மா. அது நான்தான்" என்றேன். வெறும் நெற்றியோடு நிற்கும் என்னையும் பொட்டு வைத்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அய்யய்யோ, தப்பாய்த்தும்மா, தப்பாய்த்து" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, எரிந்த ஊதுபத்தியை வாயால் ஊதி அணைத்தாள். மறுநாள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம்தான், வந்துவிட்டாள்.

இப்போது படம். ஓவிய வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவனே நீதான், அதை மறந்துவிடாதே. அப்பா போன பிறகு, "எதையாவது கத்துக்கோம்மா, டிவியவே பார்த்துட்டு இருக்காத" என்று புனேயில் இருந்துகொண்டே பணமும் கட்டினாய். சரஸ்வதிபுரத்தில் தையல் கடைக்கு மேலே ஒரு ரூம். ரேகா என்று ஒரு பெண் கன்னடமும் தமிழும் கலந்து சொல்லித் தருகிறாள், உன் வயதுதான் இருக்கும். வாழைப்பழம், பூச்சட்டி, சாமுண்டி மலை எல்லாம் வரைந்து முடித்த பிறகு, அவரவர் முகத்தை அவரவரே வரையுங்கள் என்றாள். நான் ஒழுங்காகத் தலைவாரி, நல்ல சேலை கட்டி, கண்ணாடி பார்த்து வரைந்துகொண்டு போனேன். ரேகா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஆதார் கார்டு மாதிரி இருக்கு. இதுல நீங்க எல்லி? உள்ள இருக்கற நீங்க எங்க போனீங்க?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக உள்ளே இருப்பவளை யார் கேட்டார்கள், இவள் கேட்பதற்கு! அவள் விடவில்லை. "வீட்ல நல்ல வெளிச்சம் இருக்கற எடத்துல பெரிய கண்ணாடி முன்னாடி உக்காருங்க. கண்ணாடிய மட்டும் பாருங்க, வரையற பலகைய பார்க்கவே பேடா, பார்க்காதீங்க. கை எங்க போகுதோ போகட்டும். பச்சைன்னு தோணுச்சா, பச்சை போடுங்க. முடிஞ்சப்புறம்தான் பலகைய பார்க்கணும்" என்றாள். வெந்ததா வேகவில்லையா என்று மூடியைத் திறக்காமல் சமைப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பெரிய கண்ணாடி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அப்பா படுத்திருந்த அறையில், இரும்பு பீரோவில். நான் அந்த அறையில் படுப்பதில்லை. ஹால் திவானிலேயே படுக்கை. ஆனால் காலை வெளிச்சம் அந்த ஜன்னலில்தான் நன்றாக விழுகிறது. பீரோவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், அப்பாவின் கட்டில். அந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடச் சொல்லி உன் அத்தை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நான் விரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கவாதம் வந்து அசையாமல் ஒரே இடத்தில் படுத்திருந்தாரே, அந்த இடம் அப்படியே குழிந்து கிடக்கிறது. விரிப்பை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் சாயங்காலத்துக்குள் அந்தக் குழி திரும்பத் தெரியும். யாரும் படுக்காத மெத்தை ஏன் மறுபடி குழிகிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை. பஞ்சு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

ரேகா சொன்னபடியே செய்தேன். கண்ணாடியில் இருப்பவளையே பார்த்துக்கொண்டு, மடியில் பலகையை வைத்து, பழைய டிபன் தட்டில் வண்ணத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசினேன். ஒரு முகத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து பார் தம்பி, கொஞ்ச நேரத்தில் அது உன்னுடையதாகவே இருக்காது. வாய் வேறு யாருடையதோ மாதிரி ஆகும். கண்ணாடியில் இருப்பவள்தான் என்னை வரைகிறாள், நான்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துவீட்டுக் குக்கர் விசில் அடித்ததும் திடுக்கிட்டுப் பலகையைக் குனிந்து பார்த்தேன். கன்னம் இரண்டும் பச்சை, கழுத்து கத்தரிப்பூ நிறம், பின்னால் நான் வரைய நினைக்கவே இல்லாத கட்டில், அதில் குழி. அதெல்லாம் போகட்டும். நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது. மெரூன் நிறத்தில், வட்டமாக, அச்சு மாதிரி. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. தட்டில் பார்த்தேன். ஓரத்தில் மெரூன் நிறம் குழைத்து வைத்திருந்தது. நான்தான் குழைத்திருக்க வேண்டும். குழைத்த ஞாபகம் துளிகூட இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், பயந்து எழுந்து ஹாலுக்கு ஓடிவந்துவிட்டேன். பிறகு எனக்கே வெட்கமாகிப்போய்த் திரும்ப உள்ளே போய், அந்தப் பொட்டின் மேல் தோல் நிறத்தைப் பூசி மறைத்தேன். மறுநாள் காலையில் காய்ந்த பூச்சுக்கு அடியிலிருந்து அது மங்கலாக எட்டிப் பார்த்தது. மறுபடி பூசினேன், மறுபடி தெரிந்தது. வகுப்புக்கு எடுத்துப் போனேன். ரேகா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "சூப்பரா வந்திருக்கும்மா. ஆனா ஒண்ணு. தன்னத் தானே வரைஞ்சா கண்ணு நேரா நம்மளத்தான் பார்க்கும். உங்க படத்துல கண்ணு பக்கத்துல போகுது. உங்க பின்னாடி யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள். "யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான்" என்றேன். பொட்டை மறைக்க வேண்டாம், இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த அறைக்குள் வைக்கப் பயந்துகொண்டு ஹாலில் வைத்தேன். அதைத்தான் நீ பார்த்தாய்.

உனக்கு அப்பாவின் காரியத்து நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் அத்தை என் நெற்றியைத் துடைத்தாள். அழுதுகொண்டேதான் துடைத்தாள், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு பீரோ கண்ணாடியைப் பார்த்தாள். ராத்திரி முகம் கழுவும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டும் பழக்கம் எனக்கு. வருஷக்கணக்கில் ஒட்டிய பொட்டுகள், ஓரமெல்லாம் வரிசையாக. "இனி இதெல்லாம் எதுக்குங் அண்ணி, பார்க்கப் பார்க்க மனசு ஆறாது" என்று பிளேடை எடுத்துச் சுரண்டினாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. நீ கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் பந்தல்காரனுக்குக் கணக்கு முடிக்கப் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லையடா. நானே வாயைத் திறக்கவில்லை.

இனி திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. உன் போனுக்குப் பிறகு ராத்திரி முழுக்க எனக்கு மனசே சரியில்லை. படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சரியாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் பிசகு இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும் என்று ரேகா சொல்வாள். காலை வெளிச்சம் வந்ததும் அறைக்குப் போய், நான் உட்காரும் நாற்காலியில், நான் உட்காரும் உயரத்தில், படத்தைக் கண்ணாடி பார்க்க நிறுத்தினேன். நான் நின்று பார்க்க இடமில்லை. பின்னால் நகர்ந்தேன், கட்டில் தட்டியது, உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் அந்தக் குழி விடாது. மெதுவாகச் சரிந்து அப்பா படுத்திருந்த இடத்தில், அவர் தலை வைத்திருந்த இடத்தில் தலை வைத்துப் படுத்தேன். அவர் போன பிறகு அதில் படுப்பது அதுதான் முதல் தடவை. மெத்தை சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில், படத்தில் இருப்பவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, என் கண்ணுக்குள். பக்கவாட்டில் போகிறது என்று ரேகா சொன்ன அதே கண்கள். நெற்றியில் பொட்டு நல்ல அழுத்தமாக இருந்தது. இரண்டு பூச்சு பூசியும் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று தலையைக் கொஞ்சம் தூக்கினேன். பொட்டு நகர்ந்தது. தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், படத்தின் நெற்றியிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்க் காதோரத்தில் நின்றது. நெற்றியில் நான் மறைத்த பொட்டு மட்டும் மங்கலாக இருந்தது. எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. தலையைத் திரும்பக் குழியில் வைத்தேன். பொட்டு நெற்றிக்கு வந்து மங்கலான பொட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது. பிறகுதான் புரிந்தது. அது படத்தில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. உன் அத்தையின் பிளேடுக்குத் தப்பி ஒரே ஒரு பொட்டு, இரும்புச் சட்டத்தை ஒட்டி ஓரத்தில் மிஞ்சியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் என் முகம் கண்ணாடியின் நடுவில் தெரியும். அந்தப் பொட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. கட்டிலில் படுத்திருப்பவருக்கு மட்டும்தான் என் முகம் அந்த ஓரத்தில் தெரியும். அவருக்கு மட்டும்தான் அது என் நெற்றியில் விழும்.

அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்த காலத்தில் நீ புனேயில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாய். இதெல்லாம் நீ பார்த்ததில்லை. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்டி முடித்து நான் தலைவார உட்காரும்போது, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குழறிக் குழறி, "கொஞ்சம்... அந்தப் பக்கம்... சாஞ்சுக்கோ" என்பார். சாய்வேன். "இன்னும்" என்பார். எனக்கோ அவசரம், எரிச்சலும் வரும். "என்னங்க இது, தெனமும் ஒரே அக்கப்போரு" என்று அலுத்துக்கொண்டே சாய்வேன். ஒரு இடம் வந்ததும் "ம்" என்று சொல்லி லேசாகச் சிரிப்பார், கோணிப்போன வாயோடு. முகம் சரியாகத் தெரியவில்லை போல, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் பொட்டு வைக்க எனக்கு நேரம் ஏது சொல்? பாதி நாள் வெறும் நெற்றியோடுதான் திரிந்தேன். ஒரு கைவிரலைக்கூடத் தூக்க முடியாத மனுஷன், கண்ணாடியில் ஒட்டியிருந்ததை வைத்து, தினம் என்னைச் சாயச் சொல்லி, எனக்குப் பொட்டு வைத்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் குழியில் படுத்தபடியே ஓவென்று அழுதேன். எனக்கு அப்போது பயம் துளியும் இல்லை, சந்தோஷம்தான் தாங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாத பொட்டு என் படத்தில் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாதப்பா. நான் பார்த்ததை வரையவில்லை, அந்தக் கட்டிலிலிருந்து தெரிந்ததை வரைந்திருக்கிறேன். பழக்கத்தில் சாய்ந்திருப்பேன் என்று ரேகா சொல்கிறாள். சாய்ந்தாலும் நாற்காலியிலிருந்து எனக்கு அது என் நெற்றியில் விழாது, நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதற்குமேல் நான் ஆராயவில்லை. நீயும் ஆராயாதே. நான் கிறுக்குப் பிடித்துப்போய் இதை எழுதவில்லை என்பது மட்டும் உனக்குப் புரிந்தால் போதும்.

வீட்டை நான் விற்க விடமாட்டேன், படத்தையும் தூக்கிப் போடமாட்டேன். அதை விடு. அடுத்த மாதம் உன் கல்யாணம். போன மாதம் போனில் நீ தயங்கித் தயங்கி, "நலங்குக்கு மொதல்ல மஞ்சள் வெக்கறது, மேடையில நிக்கறது எல்லாம் அத்தையும் மாமாவும் பண்ணட்டும்மா. அதானே வழக்கம், யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுல்ல" என்றாய். நான் "ஆகட்டும் சாமி" என்றேன். ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்து, அடுப்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன், வெகுநேரம். உன்னைப் பெற்று, உனக்கு முதல் முதலாக மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டியவள் நான். உன் கல்யாணத்தில் முதல் வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அடுத்தவர்கள் வைப்பதைப் பார்க்க வேண்டுமாம். படத்துக்குப் பொட்டு வைத்தால் யாருக்கும் உறுத்தாது. மஞ்சுளாவுக்கு உறுத்தியதா? செத்தால் எனக்குப் பொட்டு உண்டு, உயிரோடு இருந்தால் கிடையாது. இது எனக்கு வலிக்கிறது தம்பி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

நிவேதிதாவோடு வாழப் போகிறாய். பெரிதாகப் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. அவள் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நீ போனை நோண்டிக்கொண்டிருக்காதே. அவளைப் பார். உங்கள் அப்பா மாதிரி எதையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, வாயைத் திறந்து சொல்லு. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அத்தனை நாளும் அலுத்துக்கொள்ளாமல் சாய்ந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்ப் பொட்டு அட்டை ஒன்று வாங்கினேன், அதே மெரூன், அதே அளவு. கடைக்காரம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "மகளுக்காம்மா?" என்றாள். "எனக்குத்தான்" என்றேன். அங்கேயே, அவள் மாட்டி வைத்திருந்த கைக்கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொண்டேன். அதற்கு உன் அனுமதி எனக்குத் தேவையில்லை. ஆனால் உனக்கு மஞ்சள் வைப்பது உன் கன்னம், உன் கல்யாணம். அதை உன்னைக் கேட்டுத்தான் செய்ய முடியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்திரிகை வைக்க அடுத்த வாரம் வருகிறாய் அல்லவா? பையைக் கீழே வைத்ததும் யாருக்கும் போன் போடாமல் நேராக அந்த அறைக்குப் போ. அப்பாவின் குழியில் படு. நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்ன பக்கம் சாய்ந்துகொள்கிறேன். கண்ணாடியின் ஓரத்தில் என்னைப் பார். கண்ணாடிப் பொட்டும் என் பொட்டும் ஒன்றாகிற இடம் வந்ததும் "ம்" என்று சொல்லு. சொல்லிவிட்டு, உனக்கு முதல் மஞ்சள் யார் வைப்பது என்று நீயே முடிவு செய்.

பயப்படாதே சாமி. கட்டில் சின்னதுதான், ஆனாலும் நீ வந்தால் அவர் நகர்ந்து படுத்துக்கொள்வார்.

அம்மா